மலைச்சாலைக்கு அகன்ற டயர் வேண்டுமா?

சென்ற விடுமுறைக்கு முன் நம் விடுதியில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. தேர்தலைப் பற்றியும் அன்று, திரைப்படத்தைப் பற்றியும் அன்று. ஒரு மோட்டார் வண்டியின் டயரைப் பற்றி. என் அறை நண்பரின் தாய்மாமன் ஒரு தார் வண்டி வாங்கி, அதை ஓட்டும் உரிமையை மருமகன் கையில் கொடுத்திருக்கிறார். நண்பர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர். வண்டி கைக்கு வந்த மறு வாரமே அவருக்கு ஒரு குறை தோன்றிவிட்டது. டயர் ஒல்லியாக இருக்கிறதாம்! 245 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரை ஒல்லி என்று சொல்லக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுப் பழைய ஜீப்பின் டயர் அகலம் 6 அங்குலம்; மில்லிமீட்டரில் சொன்னால் 152.

கழற்றிவிட்டு 285 அகலத்தில் நான்கு புது டயர் போட்டுவிடுவது என்று நண்பர் முடிவு செய்தார். விடுதியில் பாதிப் பேர் அவர் பக்கம். "எதிரே வருகிறவன் பார்த்த உடனே ஒதுங்க வேண்டாமா?" என்றார் ஒருவர். "அகலம் கூடினால் பிடிப்புக் கூடும், இது சிறு பிள்ளைக்கும் தெரியும்" என்றார் மற்றொருவர், அவர் பௌதிக மாணவர் வேறு. நான் மறுத்துப் பேசினேன். கை தூக்கச் சொன்னபோது தோற்றேன். நம் மன்றச் செயலாளர் மட்டும், "பேசியதை எழுதிக் கொடும், போடுகிறேன்" என்றார். தோற்றவனுக்கு இதழில் இரண்டு மூன்று பக்கம் கிடைப்பது பெரிய ஆறுதல்தான்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் வீடு இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறுக்குப் போகிற சாலையும், குமுளிப் பக்கமிருந்து வருகிற சாலையும் கூடும் ஊர் அது. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாக ஜீப் ஓட்டுகிறார். ஏலத்தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிய காலம் போய், இப்போது பெரும்பாலும் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றுகிறார். என் அத்தை, தந்தையாரின் தமக்கை, போடியிலிருந்து நாள்தோறும் ஏலத்தோட்ட வேலைக்கு வாடகை ஜீப்பில் வந்து திரும்புகிறவர். ஆகவே டயர் என்பது எங்கள் வீட்டில் அழகுப் பொருள் அன்று. அரிசி பருப்பைப் போல அன்றாடச் செலவுக் கணக்கில் வருவது.

எங்கள் எல்லைப் பகுதியின் விந்தையையும் சொல்லிவிடுகிறேன். கொழுக்குமலை தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்து நிலம். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். நண்பருடைய மாவட்டத்தில் இதற்கு நேர் எதிரான கதை. பறம்பிக்குளம் பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே போகிறவரோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கோடு கிழித்தவர்கள் ஒரு பக்கம், சாலை போட்டவர்கள் மறு பக்கம்! இந்தச் சாலைகளையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டே நான் டயரைப் பற்றிப் பேசுகிறேன். பிற நாட்டுப் பாலைவனங்களுக்கும் பந்தயத் திடல்களுக்கும் என் சொல் பொருந்தாது. பொருந்த வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். நண்பர் வண்டியில் 245/75 ஆர் 16 என்று இருக்கிறது. 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. ஆர் என்பது ரேடியல் என்ற வகை. 16 என்பது உள்ளே இருக்கும் டிஸ்கின் விட்டம், அங்குலத்தில். மூன்று எண்ணில் ஒன்று மில்லிமீட்டர், ஒன்று விழுக்காடு, ஒன்று அங்குலம்! இப்படிக் கலந்து கட்டிய கணக்கைப் பரீட்சையில் எழுதினால் நம் ஆசிரியர் சுழித்துவிடுவார். இதையடுத்து 111 என்பது போல ஓர் எண் இருக்கும். அது சுமைக்குறி. 111 என்றால் அந்த ஒரு டயர் 1,090 கிலோ வரை தாங்கும் என்று பொருள். 100 என்றால் 800 கிலோ. அகலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய என் நண்பர்களில் ஒருவர்கூட இந்த எண்ணைப் பார்த்திருக்கவில்லை.

இப்போது கணக்குப் போடுவோம். 245இல் நூற்றுக்கு 75 என்றால் ஏறத்தாழ 184 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் இருப்பதால் இரட்டித்து, 16 அங்குலத்தின் 406 மில்லிமீட்டரையும் கூட்டினால், சக்கரத்தின் முழு விட்டம் 774 மில்லிமீட்டர். நண்பர் விரும்பும் 285/75 ஆர் 16க்கு இதே கணக்குப் போட்டால் 834. அகலத்தைத்தானே கூட்டினோம்? விட்டமும் 60 மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது! ஏனெனில் உயரம் அகலத்தின் பங்காக வைக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு வளர்ச்சி. வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64, 65இல் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் உடல் 30 மில்லிமீட்டர் மேலே போகும். அதனோடு அதன் கனமையமும் மேலே போகும். உயரமான வண்டி வளைவில் சாய்வதற்குக் கூடுதல் அழைப்பு வேண்டுமா?

பிடிப்பைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். காற்றடைத்த டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன் மேல் உள்ள சுமையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்று 30 பவுண்டு, அதாவது சதுர செண்டிமீட்டருக்கு 2.1 கிலோ அளவு. வகுத்துப் பார்த்தால் 214 சதுர செண்டிமீட்டர் வருகிறது. விரித்து வைத்த ஓர் ஆளின் கை அளவு. டயரை அகலமாக்கி, காற்றை அப்படியே வைத்தால் இந்தப் பரப்புப் பெரிதாக மாறுவதில்லை. வடிவந்தான் மாறுகிறது. நீளவாக்கில் இருந்த கை குறுக்குவாக்கில் திரும்பிக்கொள்கிறது என்று சொல்லலாம். ரப்பர் மென்மையான பொருள் என்பதால் பள்ளிக்கூட உராய்வு விதி அதற்கு அப்படியே பொருந்தாது; காய்ந்த தார்ச்சாலையில் வேகமாக வளைவு திரும்பும்போது அகலமான டயருக்குச் சிறிது நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பௌதிக நண்பர் சொன்னது பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி உண்மை போடிமெட்டில் எத்தனை நாள் செல்லும்?

போடியிலிருந்து போடிமெட்டு ஏறுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால்தான் வண்டி திரும்பும். சமவெளியில் ஆண்டுக்கு நாலு தடவை வண்டி நிறுத்துமிடத்தில் செய்கிற காரியம், எங்களூரில் ஒரே ஏற்றத்துக்குள் 17 தடவை நடக்கிறது. அகலமும் விட்டமும் கூடிய டயர், முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டின் உட்புறத்திலோ, உள்ளே இருக்கும் கம்பிகளிலோ உரசும். நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று டயர்க் கடையிலிருந்து வெளியே வருகிறவருக்கு இது தெரியாது. பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கும் நேரமும், ஸ்டியரிங் ஒடியும் நேரமும் ஒன்றாகச் சேரும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் ஒரு பக்கம் பாறை இருக்கும். மறு பக்கம் ஒன்றும் இருக்காது.

உரசாமல் இருக்கச் சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் டிஸ்குகளும், இடையில் சொருகும் வட்டுகளும் விற்கிறார்கள். சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் நெம்புகோல் வேலை செய்கிறது. அரை அங்குலந்தானே என்பார்கள். அந்த அரை அங்குலத்தை நாள் முழுதும் குழியிலும் கல்லிலும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இறக்கம் இதைவிட முக்கியம். மலையிறங்கும் டிரைவர் எவரும் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கை அவ்வப்போது தொட்டுத்தான் இறங்குவார். சக்கரம் பெரிதானால், எஞ்சின் அதே சுற்றுச் சுற்றும்போது வண்டி அதிகத் தூரம் ஓடும். 20 கிலோமீட்டரில் இறங்கிய வண்டி 21½இல் இறங்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் என்ன பெரிது? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நூற்றுக்கு 16 பங்கு கூடிவிடுகிறது. அதே சமயத்தில், சக்கரத்தின் ஆரம் கூடியதால் பிரேக்கின் பிடி தரையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைகிறது. வேலை கூடுகிறது, வலிமை குறைகிறது. ஏறும்போதும் இதே கதைதான். எஞ்சினின் இழுவிசை அந்த ஏழு பங்கை இழக்கிறது. ஆனால் ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறங்கும்போது நிற்க முடியாத வண்டியைப் பற்றித்தான் கவலை.

மழைக்கு வருவோம். இடுக்கியில் ஜூனில் தொடங்கும் மழை ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வெட்டிய மண்சரிவிலிருந்து செம்மண் கரைந்து சாலையில் படியும். இந்த மெல்லிய சேற்றை ஒடுங்கிய டயர் கத்தி போல் அறுத்துக்கொண்டு அடியிலுள்ள தாரைத் தொடுகிறது. அகன்ற டயர் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. கொழுக்குமலைப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்லிலும் குழியிலும் ஏறுகிற பழைய ஜீப்புகளின் டயரை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். 1947இல் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பைக் கோத்துத் தரத் தொடங்கிய காலத்து 6 அங்குல டயரின் வாரிசுகளை அவற்றில் இன்றும் காணலாம். அவர்களுக்கு அகன்ற டயர் கிடைக்காமல் இல்லை.

பாலக்காட்டு நண்பருக்கு வேறொரு மழை இருக்கிறது. வாளையார்ச் சாலை நேரானது. கணவாய்க் காற்றும் ஜூன் மழையும் சேர்ந்து அடிக்கும். நண்பர் அங்கே 100இல் போகிறார் என்பதை அவர் மாமா படிக்க மாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன். சாலையில் நீர் டயரின் பள்ளங்களைவிட ஆழமாக நிற்குமானால், ஒரு வேகத்துக்குமேல் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். 1960களில் அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஹார்ன் என்ற ஆய்வாளர் விமானச் சக்கரங்களை வைத்து இதற்கு ஓர் எளிய கணக்குக் கண்டார். அதன்படி 30 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு 91 கிலோமீட்டர் அளவில் மிதக்கும். அந்தக் கணக்கில் அகலத்துக்கு இடம் இல்லை. பின்னர் வந்த ஆய்வுகள், தரையில் பதியும் வடிவம் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் இதற்கும் குறைந்த வேகத்திலேயே மிதப்புத் தொடங்கும் என்று காட்டின. மிதக்கும் வண்டிக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. 285 அகலம் அப்போது யாரை ஒதுங்கச் சொல்லும்?

அப்படியானால் பெரும் விலைக்கு விற்கும் வேக வண்டிகளில் மட்டும் அகன்ற டயர் ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. போர்ஷே கயென் டர்போ போன்ற வண்டியில் முன்சக்கரம் 285, பின்சக்கரம் 315 அகலம் உண்டு. ஆனால் அந்த வண்டியைச் செய்தவர்கள் அந்த அகலத்தை வைத்துக்கொண்டே மட்கார்டின் வளைவையும், ஸ்பிரிங்கையும், பிரேக் தட்டின் அளவையும், ஸ்டியரிங் ஒடிப்பையும் அமைத்தார்கள். அவர்கள் அகலத்தைக் கூட்டும்போது உயரப் பங்கை 40, 35 என்று குறைத்துவிடுகிறார்கள். சட்டைக்கு ஏற்ற உடம்பு அங்கே இருக்கிறது. நாமோ அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, தம்பி வளர்ந்துவிட்டான் என்கிறோம். மணலிலும், ஆழமான சேற்றிலும், காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்ட அகன்ற டயர் நல்லதே. நம் எல்லைப் பகுதியில் மணல் எங்கே இருக்கிறது?

சிறிது அகலம் வேண்டும் என்று மனம் அடங்காதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. 245/75க்குப் பதில் 265/70 ஆர் 16 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: விட்டம் 777 மில்லிமீட்டர். பழைய 774க்கும் இதற்கும் மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபாடு. அகலம் கூடும்போது உயரப் பங்கு இறங்கினால் வேகமானியும் கியரும் ஏறத்தாழப் பழையபடியே இருக்கும். அதற்கும் டிஸ்கின் அகலம் ஏழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 285க்கோ ஏழரை அங்குலம் வேண்டும். சுமைக்குறி பழையதைவிடக் குறையவே கூடாது. வண்டியின் கையேட்டிலும், டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டிய சீட்டிலும் தயாரித்தவர் எழுதியிருக்கும் அளவு எதுவோ அதுவே முதல் சாட்சி. பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயரை மட்டும் தார்ச்சாலைக்கு வாங்காதீர்கள். பட்டனுக்கு இடையே இடைவெளி அதிகம், ஈரத் தாரைத் தொடும் ரப்பர் குறைவு, போதாக்குறைக்கு இரைச்சல்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்கும் விடை வைத்திருக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் நல்ல டயர் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே இதை இத்துடன் விடுகிறேன்.

விடுமுறையில் நண்பர் தம் வண்டியிலேயே எங்கள் ஊருக்கு வந்தார். புது டயர் இன்னும் போடவில்லை. கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். தந்தையார் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், காற்றை அளந்தார். "தம்பி, டயர் இன்னும் இருபதாயிரங்கூட ஓடலையே, இதைக் கழட்டி என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

"வித்துருவேன் அப்பா."

"எனக்கே குடுங்கன்னு கேட்கலாம்னு பார்த்தா, என் டிஸ்குல இது ஏறாதே!" என்று சிரித்தார். பிறகு நண்பரைச் சாவியோடு கூட்டிக்கொண்டு போடிமெட்டு வரை போய்த் திரும்பினார். போகும்போது இருவரும் பேசிக்கொண்டு போனார்கள். வரும்போது நண்பர் பேசவில்லை. இரண்டு வளைவில் அவரைக் கீழே இறக்கி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் காட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு மாதம் வாதாடியும் ஏறாதது அந்த விரல்களில் ஏறிவிட்டது.

இத்துடன் கட்டுரை முடிந்திருக்கும். மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லவே நான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்குப் போடியிலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப் எங்கள் ஊர் முக்கில் வந்து நின்றது. அத்தை இறங்கினார். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று நண்பர் எண்ணத் தொடங்கி, பதினைந்துக்குமேல் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். டயரைப் படிக்கக் கற்றுக்கொண்ட புது ஆர்வத்தில் அவர் பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டார். பட்டன்கள் புத்தம் புதிதாக, கறுப்பாகப் பளபளத்தன. "இது நல்ல டயர்தானே?" என்றார். பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. தேய்த்துப் பார்த்தோம். 3211. அதாவது 2011ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்த டயர். நாங்கள் இருவரும் ஆரம்பப் பள்ளியில் இருந்த காலம் அது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். முகம் புதிது, உடம்பு பழையது. பக்கவாட்டில் வெயிலிலும் மழையிலும் வெடித்த மயிர்க்கோடுகள் தெரிந்தன.

ரீட்ரேடிங் என்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அரசுப் பேருந்துகளிலும், ஏன், ஆகாய விமானங்களிலும்கூடப் புது ரப்பர் ஒட்டிய டயர்கள் ஓடுகின்றன. அங்கே உடம்பைச் சோதித்துவிட்டு ஒட்டுகிறார்கள். இத்தனை தடவைதான் என்ற வரம்பும் உண்டு. அத்தை சாதாரணமாகச் சொன்னார்: இரண்டு மாதத்துக்கு முன் இதே போன்ற ஒரு ஜீப்பில் ஒட்டிய ரப்பர் மூன்றாம் வளைவில் பட்டையாக உரிந்து வந்துவிட்டதாம். டிரைவர் மலைப்பக்கமாக ஒடித்து நிறுத்தினார். எல்லோரும் இறங்கி நடந்து, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அரைநாள் கூலி பிடித்தார்கள். "டயர் போனதுகூடப் பெரிசில்ல தம்பி, அரைநாள் சம்பளம் போச்சு" என்றார் அத்தை.

2023 ஆகஸ்டு 25ஆம் நாள் வயநாட்டில் மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சென்ற ஜீப் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். 2025 ஜூலையில் மூணாறுப் பக்கம் சுற்றுலா ஜீப் ஒன்று பள்ளத்தில் விழுந்து ஓர் உயிர் போனபின், இடுக்கி மாவட்ட ஆட்சியர் ஜீப் சவாரிக்கே தடை போட்டார். இவற்றுக்கெல்லாம் டயர்தான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். சுற்றுலா ஜீப் என்றால் அதிகாரிகள் வருகிறார்கள், தடை வருகிறது, செய்தி வருகிறது. விடியற்காலையில் இருட்டோடு ஏறி, அந்தி இருட்டில் இறங்குகிற ஆட்கள் ஜீப்பின் டயரை யார் குனிந்து பார்க்கிறார்கள்? அகன்ற டயரை நிமிர்ந்து பார்க்கத்தான் ஆள் இருக்கிறது.

நம் நாட்டு விதிப்படி ஜீப், கார் முதலிய வண்டிகளின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைக் காண நிபுணர் தேவையில்லை. பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் வார்த்திருப்பார்கள். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஒரு புது டயருக்கான பணம் ஜீப் டிரைவரிடம் இல்லை என்பது உண்மை. ஆள் ஒன்றுக்கு இத்தனை என்று தோட்டத்தார் கொடுக்கும் வாடகையில்தான் டீசலும், வரியும், டயரும், அவர் வீட்டு அடுப்பும். அவரைத் திட்டி எழுதுவது எளிது. என் தந்தையாரும் ஒரு காலத்தில் அதே வாடகைக்கு அதே டயரில் ஓட்டியவர்தான். ஆட்களை ஏற்றும் வண்டிக்கு டயர் செலவைத் தோட்டத்தார் தனியாகத் தர வேண்டும், ஆள்கணக்கில் அடக்கக் கூடாது என்பது என் கருத்து. உரமூட்டை நனையாமல் வர தார்ப்பாய்க்குக் காசு தருகிறவர்கள் இதற்கும் தரலாம்.

நண்பர் கடைக்காரரிடம் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டார். பழைய 245 அப்படியே ஓடுகிறது. வண்டி பார்ப்பதற்குச் சற்றுச் சாதுவாகத்தான் இருக்கிறது என்று அவருக்கு இன்னும் மனக்குறை. அதை நான் மறைக்க மாட்டேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை எண்ணியிருக்கிறோம். அடுத்த மாத விடுமுறையில் போடியில் ஆட்கள் ஏறும் இடத்துக்குப் போய், டிரைவர்களின் சம்மதத்தோடு, ஒவ்வொரு ஜீப்பின் நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பார்த்து, பள்ளத்தின் ஆழம், செய்த ஆண்டு, காற்று ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதப் போகிறோம். வண்டி எண்ணை எழுத மாட்டோம். யாரையும் பிடித்துக் கொடுப்பது நோக்கம் அன்று. கணக்கு இவ்வளவு என்று தெரிந்தால் தோட்டத்தாரிடமும் தொழிலாளர் சங்கத்தாரிடமும் கொண்டுபோய்ப் பேசலாம். ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்றை நண்பர் தம் செலவில் வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் நான்கு பேர் வந்தால் வேலை நடக்கும். வர விரும்புகிறவர்கள் எங்கள் அறையில் பெயர் கொடுக்கலாம். காலை ஐந்து மணிக்கே ஜீப்புகள் புறப்படத் தொடங்கிவிடும். ஆகையால் முதல் நாள் இரவே போடி போய்ச் சேர வேண்டும். படுக்க அத்தை வீட்டுத் திண்ணை இருக்கிறது.